சேர் லயனல் அந்தப் பக்கம் போன கதை

சேர் லயனல் கிறிம்பிள் முதன்முதலாகக் கட்சி மாறியது லண்டனில் அல்ல. இத்தாலியில், பலெர்மோவுக்குப் பக்கத்துப் பகேரியாவில், மனைவி வழியில் வந்த பழைய மாளிகையின் சாப்பாட்டு அறையில், 1995 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு மாறினார். அதைக் கண்ட ஒரே சாட்சி கோபாலசிங்கம். அவர் அப்போது கையில் சூப்புக் கோப்பையோடு வாசலில் நின்றார்.

கோபாலசிங்கம் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்கச் செயலகத்தில், காணிப் பகுதியில் பதினாறு வருஷம் கிளாக்கராக இருந்தவர். மூன்று வருஷமாகப் பலெர்மோவில் கால்சாப் பகுதியில் நாலு பேரோடு ஒரு அறையில் இருந்துகொண்டு, தினமும் காலை றெயிலில் பகேரியாவுக்குப் போய் சேர் லயனலுக்குச் சமைத்து, தரை துடைத்து, சட்டைக்கு ஸ்திரிக்கை போட்டு வந்தார். சேர் லயனல் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர். சபை கூடாத நாட்களிலும், கூடினாலும் மழை பெய்கிற நாட்களிலும் அவர் பகேரியாவில்தான் இருப்பார். அவருடைய மனைவி லண்டனில் இருந்தார். வெயில் ஒத்துக்கொள்ளாது என்று வெளியில் சொல்லிக்கொண்டார்கள்.

அன்று சேர் லயனல் பன்னிரண்டு கதிரைகளை ஆறு ஆறாக எதிரெதிரே போட்டு வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் இருந்து எழுந்து, நாடியை உயர்த்தி, மற்றப் பக்கத்துக்கு நடந்து போய் உட்கார்ந்தார். பிறகு திரும்பி வந்து மறுபடியும் நடந்தார்.

"கோபால், என் மனச்சாட்சி ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டது. இப்போது உடம்பையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்" என்றார். இருவரும் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வார்கள். கோபாலசிங்கத்தின் இங்கிலீஷ் கச்சேரிக் கடிதங்களில் படித்தது. அதனால் சேர் லயனலுக்கு அவரைப் பிடித்திருந்தது.

விஷயம் இதுதான். வெஸ்ற்மின்ஸ்ரர் சபையில் ஆளுங்கட்சி ஒரு பக்கம், எதிர்க்கட்சி மறு பக்கம், நடுவில் பதின்மூன்று அடி. வாள் கட்டிக்கொண்டு வந்த காலத்தில் ஒருவரையொருவர் எட்டி வெட்டாமலிருக்க விட்ட இடைவெளி என்று சொல்கிறார்கள். கட்சி மாறுகிறவர் எல்லாரும் பார்க்க அந்தப் பதின்மூன்று அடியைக் கடக்க வேண்டும். விரைவாக நடந்தால் பதவி ஆசை என்பார்கள். மெதுவாக நடந்தால் சந்தேகம் என்பார்கள். குனிந்தால் குற்ற உணர்வு. கடந்த இருநூறு வருஷத்தில் கடந்தவர்கள் எல்லாரையும் சேர் லயனல் படித்து வைத்திருந்தார். கம்பள விளிம்பில் கால் தடக்கிய ஒருவரை, அவர் கொண்டுவந்த ஏழு சட்டங்களையும் மறந்துவிட்டு, தடக்கியதற்காக மட்டும் நாடு நினைவில் வைத்திருக்கிறதாம்.

சேர் லயனல் கோபாலசிங்கத்தைச் சபாநாயகராக நியமித்தார். மேசைச்சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு உயரமான கதிரையில் இருந்து 'அமைதி' என்று கத்த வேண்டும்.

"எப்போது கத்த வேண்டும், சேர்?"

"யாரும் கேட்காத நேரத்தில்."

கோபாலசிங்கத்துக்கு அந்த மாதம் வேறொரு கவலை இருந்தது. பத்திரம் இல்லாமல் வேலை செய்கிறவர்களுக்கு இத்தாலிய அரசாங்கம் ஒரு வழி திறந்திருந்தது. 'இவர் என்னிடம் வேலை செய்கிறார்' என்று முதலாளி ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தால் போதும், குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகம் பெர்மெஸ்ஸோ கொடுக்கும். பெர்மெஸ்ஸோ என்றால் இருக்க அனுமதி. அது கிடைத்தால் குடும்பத்தைக் கூப்பிடலாம். மார்ச் முடியக் கதவு பூட்டிவிடும். அவருடைய மனைவி நாகபூசணியும் பன்னிரண்டு வயது மகள் லக்ஷனாவும் அக்டோபர் கடைசியில் யுத்தத்தில் யாழ்ப்பாணமே காலியானபோது நடந்து சாவகச்சேரிக்குப் போய், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையின் மூலையில், இன்னும் ஐந்து குடும்பங்களோடு இருந்தார்கள். அவர்களுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது ஒரு கையெழுத்து.

அவரோடு தமிழ்ச் சங்கக் கூட்டங்களுக்கு வருகிற விமலராணி வேலை செய்கிற வீட்டுச் சின்யோரா, அதாவது எஜமானியம்மா, அதே படிவத்தை உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு மேல் வைத்து, கடைச் சாமான் எழுதும் பேனையால் கையெழுத்து வைத்துவிட்டு, கத்தரிக்காய் வாங்கியாச்சா என்று கேட்டாராம். மொத்தம் அரை நிமிஷம்.

கோபாலசிங்கம் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. கச்சேரியில் மேலதிகாரியிடம் கையெழுத்து வேண்டும் என்று வாயால் சொல்வது மரியாதைக் குறைவு. கடிதத்தைக் கையெழுத்துக் கோப்பில் வைத்து, வைக்கவேண்டிய இடத்தில் சின்ன வெள்ளைக் கடதாசித் துண்டு சொருகி, மேசையின் இடது மூலையில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர் அப்படியே செய்தார். கோப்பு பதினொரு நாள் இடது மூலையில் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் சேர் லயனல் அதை எடுத்து ஆடுகிற மேசைக்கால் ஒன்றுக்கு முட்டுக் கொடுத்தார். அப்போதுதான் கோபாலசிங்கம் தன் உத்தியோக வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கையெழுத்துக்காக வாய் திறந்தார்.

சேர் லயனல் படிவத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"அருமை நண்பரே, நீலக் கட்சியின் உறுப்பினனாக நான் இதில் எப்படிக் கையெழுத்திட முடியும்? களவாக வந்தவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களைத் தண்டிக்க வேண்டும் என்று சபையில் நாற்பது நிமிஷம் பேசியவன் நான். அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டைக்கு ஸ்திரிக்கை போட்டதே நீங்கள்தான். இதில் கையெழுத்து வைத்தால் மூன்று வருஷம் உங்களை வைத்திருந்தேன் என்று ஆகிவிடும்."

"வைத்திருந்தீர்கள்தானே, சேர்."

"வைத்திருந்தேன். ஆனால் அதை யாரும் எழுதவில்லை." பிறகு தோளில் தட்டினார். "சிவப்புக் கட்சிக்குப் போய்விடுகிறேன். அவர்கள் ஏழைகளின் கட்சி. போன மறுநாளே கையெழுத்து."

அன்றிலிருந்து கோபாலசிங்கத்தைப் போல அந்தக் கட்சி மாற்றத்துக்காக உழைத்த ஆள் இங்கிலாந்திலேயே இருந்திருக்க மாட்டார். தரையில் சோக்கட்டியால் பதின்மூன்று அடி அளந்தார். கம்பள விளிம்பை ஆணியடித்து இறுக்கினார். ஆனால் சேர் லயனலுக்குத் திருப்தி வரவில்லை. கதிரைகள் 'துரோகி' என்று கத்தாது, ஆட்கள் வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு தமிழர் பகேரியா ஸ்ரேஷனில் வந்து இறங்கினார்கள். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற இராயப்பு வந்தார். விமலராணி வந்தாள். சங்கச் செயலாளர் விக்னராஜா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து, முன்வரிசை தந்தால்தான் இருப்பேன் என்றார். ஆறு பேர் நீலம், ஆறு பேர் சிவப்பு. சேர் லயனல் எழுந்ததும் நீலம் 'துரோகி' என்று கத்த வேண்டும், சிவப்பு கைதட்ட வேண்டும் என்று கோபாலசிங்கம் விளக்கினார்.

"உந்த மனுசனுக்கு வேறை வேலை ஒண்டும் இல்லையோ?" என்றார் இராயப்பு.

"அண்ணை, என்ரை கையெழுத்து இதிலைதான் இருக்கு. ஒருக்கால் கத்திவிடுங்கோ."

"கத்தலாம். சாப்பாடு முதலோ பிறகோ?"

விமலராணி ஒரேயடியாக மறுத்தாள். "வீட்டுக்கு வந்து இருந்துகொண்டு வீட்டுக்காரனைப் பார்த்துத் துரோகி எண்டு சொல்லுறதோ? எங்கடை ஆக்கள் செய்யிற வேலையோ அது? நான் மாட்டன்."

சேர் லயனல் எழுந்தார். யாரும் கத்தவில்லை. அவர் நாடியை உயர்த்திப் பதின்மூன்று அடியையும் கடந்து மறு பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் அங்கே போன பிறகு தாங்கள் இங்கே இருப்பது அழகில்லை என்று நீலக் கட்சி ஆறு பேரும் எழுந்து அவருக்குப் பின்னாலேயே போய்விட்டார்கள். இருக்க இடமில்லாமல் ஏழு பேர் சுவரோடு நின்றார்கள். கோபாலசிங்கம் மேசைச்சீலைக்குள் இருந்து 'அமைதி, அமைதி' என்று கத்தினார்.

அடுத்து வாக்கெடுப்பு. வெஸ்ற்மின்ஸ்ரரில் கை உயர்த்துவதில்லை, ஆம் என்பவர்கள் ஒரு வாசலாலும் இல்லை என்பவர்கள் இன்னொரு வாசலாலும் நடந்து போவார்கள். இங்கே குசினி வாசல் ஆம், விறாந்தை வாசல் இல்லை. சேர் லயனல் குசினிப் பக்கம் திரும்பினார். குசினியில் ஆட்டிறைச்சிக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேரும் அவருக்குப் பின்னால் போனார்கள்.

சேர் லயனலுக்குக் கண் கலங்கிவிட்டது. "இது ஒரு அலை, கோபால்" என்றார். பல்வேறு பின்னணிகளைக் கொண்ட சாதாரண மக்களிடம் இரகசியமாக அபிப்பிராயம் கேட்டதில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை என்று அன்று பின்னேரமே சிவப்புக் கட்சித் தலைமைக்குக் கடிதம் எழுதினார். விக்னராஜா நன்றியுரை நிகழ்த்தினார். அதைக் கேட்க யாரும் இருக்கவில்லை, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் பத்தாம் தேதியளவில் சேர் லயனல் லண்டனில் அசல் பதின்மூன்று அடியைக் கடந்தார். ஒன்பது செக்கன் எடுத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. நத்தார்ப் பண்டிகைக்குச் சிவப்புக் கழுத்துப்பட்டியோடு பகேரியாவுக்கு வந்தபோது கோபாலசிங்கத்தின் படிவம் மேசையில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

"என் அருமைத் தோழரே" என்றார் சேர் லயனல். முன்பு நண்பர், இப்போது தோழர். "சிவப்புக் கட்சி உழைப்பாளிகளின் கட்சி. அதன் உறுப்பினன் வீட்டில் ஒரு உழைப்பாளி மூன்று வருஷம் பதிவில்லாமல், லீவில்லாமல் வேலை செய்தார் என்று நானே கையெழுத்து வைத்துக் கொடுப்பதா?"

"லீவு தந்திருந்தால் எடுத்திருப்பேன், சேர்."

"பார்த்தீர்களா? பத்திரிகைகளும் இதையேதான் எழுதும்."

தைமாதம் கட்சித் தலைமையிலிருந்து மிஸ்ரர் பொட்ஸ் என்று ஒருவர் வந்தார். புதிதாக வந்தவர்களின் வீட்டில் கட்சிக்கு வெட்கம் தரக்கூடிய சாமான் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய உத்தியோகம். வெள்ளிக் கரண்டிகளைக் கண்டார், ஒன்றும் சொல்லவில்லை. மான் தலை ஒன்றைக் கண்டார், கழற்றச் சொன்னார். கோபாலசிங்கத்தைக் கண்டதும் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

மறுநாள் ஒரு சஞ்சிகையிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். 'தன் கோப்பையைத் தானே கழுவும் தலைவர்' என்பது தலைப்பு. கோபாலசிங்கத்தைக் குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறைக்குள் விட்டு மிஸ்ரர் பொட்ஸ் வெளியே பூட்டினார். "உங்களை மறைக்கவில்லை, தோழர். உங்களைப் பாதுகாக்கிறோம். உழைப்பவன் மறைந்து வாழ்ந்த காலம் எங்கள் கட்சியால்தான் முடிந்தது" என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னார்.

கோபாலசிங்கம் உள்ளே ஆறு மணித்தியாலம் உருளைக்கிழங்குச் சாக்கில் இருந்தார். வெளியே சேர் லயனல் தாச்சியைக் கழுவத் தெரியாமல் எண்ணெய்ச் சட்டியைத் தண்ணீரில் அமிழ்த்துகிற சத்தம் கேட்டது. படம் எடுத்தவர் மிகவும் இயல்பாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு எல்லாரும் வெளியில் சாப்பிடப் போய்விட்டார்கள். கதவைத் திறக்க மறந்ததற்காக மிஸ்ரர் பொட்ஸ் பின்பு கட்சிக் கடிதத் தலைப்பில் வருத்தம் தெரிவித்தார்.

அந்த வாரம் கொழும்பால் வந்த ஒருவரிடம் நாகபூசணி கடிதம் கொடுத்து விட்டிருந்தாள். மழை, வகுப்பறைக்குள் தண்ணீர் நிற்கிறது, பிள்ளைக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். கடைசியில் ஒரு வரி: 'துரை கையெழுத்து வைச்சிட்டாரோ?'

மாசி முடிவதற்குள் சேர் லயனலின் மனச்சாட்சி மறுபடி எழுந்து நின்றது. சிவப்புக் கட்சி அவருக்குக் கொடுத்த பதவி, சபை உணவகத்தின் பாலாடைக்கட்டி பற்றி விசாரிக்கும் குழுவில் ஒரு அங்கத்தவர் பதவி. அவர் மஞ்சள் கட்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அது சின்னக் கட்சி. முழுக் கட்சியும் ஒரு பஸ்ஸில் கொள்ளும். பெரிய மனச்சாட்சி உள்ளவர்கள் எல்லாரும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருவார்கள்.

"இந்த முறை வெறுமனே நடந்தால் போதாது, கோபால். ஒரு பாவ அறிக்கை வேண்டும். உங்களைப் பற்றிச் சபையில் சொல்லப்போகிறேன்."

கோபாலசிங்கம் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். "என் பெயரையா, சேர்? பத்திரம் இல்லாத ஆள் நான்."

"பயப்படவேண்டாம். சபைக்குள் பேசியதற்காக யாரும் யாரையும் எதுவும் செய்ய முடியாது. முந்நூறு வருஷத்துப் பாதுகாப்பு."

"அந்தப் பாதுகாப்பு எனக்கும் உண்டா?"

"உங்களைப் பற்றி நான் பேசுவதற்கு உண்டு." சேர் லயனல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை பேசுகிறேன். எல்லாம் வெளியில் வந்த பிறகு எனக்கு மறைக்க என்ன இருக்கிறது? வியாழக்கிழமை வந்ததும் முதல் வேலை உங்கள் கையெழுத்து."

அதில் நியாயம் இருந்ததை கோபாலசிங்கத்தால் மறுக்க முடியவில்லை. உரையை அவரே ரைப் செய்து கொடுத்தார். தன்னைப் பற்றிய இடத்தில் இரண்டு இலக்கணப் பிழையையும் திருத்தினார்.

மார்ச் இருபத்தாறாம் தேதி சேர் லயனல் சபையில் எழுந்து, ஒரு தமிழரை மூன்று வருஷம் பத்திரமில்லாமல் வேலை வாங்கிய பாவி நான் என்றார். கோபாலசிங்கத்தின் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், மனைவி பிள்ளை அகதியாக இருப்பதைச் சொன்னார். சபை ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரி இருந்தது. அந்த அமைதியைக் கண்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ரைப் செய்த தாளில் இல்லாத ஒரு வசனத்தைத் தானாகச் சேர்த்தார்: "அந்த மனிதரை நேற்று நான் விடுதலை செய்துவிட்டேன். இன்று அவர் எவருக்கும் வேலைக்காரர் அல்ல!" மூன்று கட்சியும் எழுந்து நின்றது.

வியாழக்கிழமை காலை கோபாலசிங்கம் படிவத்தையும் பேனையையும் மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். முப்பத்தொன்று ஞாயிறு என்பதால் வெள்ளி மத்தியானத்தோடு குவெஸ்தூரா அலுவலகம் பூட்டிவிடும். சேர் லயனல் மஞ்சள் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு வந்து இருந்தார். பேனையைத் திறந்தார். படிவத்தை வாசித்தார். பேனையை மூடினார்.

"இதில் 'தற்போது என்னிடம் வேலை செய்கிறார்' என்று இருக்கிறதே."

"ஆம், சேர்."

"செவ்வாய்க்கிழமை நீங்கள் வேலை செய்யவில்லை என்று சபையில் சொல்லிவிட்டேன்."

"செவ்வாய்க்கிழமை நான் இந்த ஜன்னல்களைத் துடைத்தேன், சேர்."

"அதுதான் பெரிய சிக்கல்." சேர் லயனலின் முகம் உண்மையாகவே வாடிப்போயிற்று. "கோபால், எங்கள் சபையில் ஒருவன் கட்சி மாறலாம், கொள்கை மாறலாம், வாக்களித்தவர்களை மறக்கலாம். ஒன்றை மட்டும் செய்யக்கூடாது. சபைக்குப் பொய் சொல்லக்கூடாது. சொன்னால் அன்றோடு முடிந்தது. நான் மூன்று கட்சியில் இருந்திருக்கிறேன். ஒன்றிலும் சபைக்குப் பொய் சொன்னதில்லை."

"பிழையைத் திருத்தலாமே, சேர். கச்சேரியில் சிவப்பு மையால் வெட்டி, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைப்போம்."

"எண் பிழையைத் திருத்தலாம். தேதிப் பிழையைத் திருத்தலாம். சபையே எழுந்து நின்று கைதட்டிய வசனத்தை எப்படித் திருத்துவது?" அவர் எழுந்து ஜன்னலருகே போனார். "நான் சொன்னதை உண்மையாக்குவது ஒன்றுதான் மரியாதையான வழி. போன திங்கட்கிழமையிலிருந்து உங்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். தேதி முக்கியம், குறித்துக்கொள்ளுங்கள்."

கோபாலசிங்கம் படிவத்தை மடித்து உறையில் போட்டார்.

"ஒரு சின்ன உதவி" என்றார் சேர் லயனல். "ஒரு மணிக்கு மஞ்சள் கட்சித் தலைவி சாப்பிட வருகிறார். குசினியில் வாள்மீன் இருக்கிறது. போவதற்கு முன் அதைப் பொரித்து வைத்துவிட முடியுமா? வேலைக்காரராக அல்ல. சுதந்திர மனிதராக."

கோபாலசிங்கம் பொரித்தார். அதைச் சொல்ல எனக்கே எரிச்சலாக இருக்கிறது. தாச்சியைச் சேர் லயனலின் தலையில் கவிழ்த்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். பதினாறு வருஷம் கச்சேரியில் இருந்தவர் அப்படியெல்லாம் செய்யமாட்டார். எலுமிச்சம்பழமும் வெட்டி வைத்துவிட்டுத்தான் ஸ்ரேஷனுக்கு நடந்தார்.

வெள்ளிக்கிழமை விமலராணி, கோபாலசிங்கத்துக்கும் ஒரு கையெழுத்து வைக்கச் சொல்லித் தன் சின்யோராவைக் கேட்டுப் பார்த்தாள். ஒரு வீட்டுக்கு இரண்டு பேரைக் காட்ட ஏலாது என்று குவெஸ்தூராவில் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் கதவு பூட்டியது. அடுத்த வாரம் பலெர்மோவில் ஒரு பத்திரிகை சபை உரையை மாளிகைப் படத்தோடு மொழிபெயர்த்துப் போட்டது. பெயரும் ஊரும் தெளிவாக இருந்ததால் குவெஸ்தூராக்காரருக்கு அதிக சிரமம் இருக்கவில்லை. பதினைந்து நாளுக்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளில் கையெழுத்து உடனேயே வைக்கப்பட்டிருந்தது.

சித்திரை வருஷப்பிறப்புக்கு அடுத்த நாள், வீட்டுக்குக் கீழே இருக்கிற பாரின் ரெலிபோனுக்கு அழைப்பு வந்தது. பார்க்காரன் தெருவில் நின்று கோபாலசிங்கத்தைக் கூப்பிட்டான். நாகபூசணி.

"நாங்கள் கொழும்பிலை நிக்கிறம்" என்றாள்.

"கொழும்பிலையோ? ஏன்?"

"ஏனெண்டு கேக்கிறியள்? லண்டன் ரேடியோவிலை தமிழிலை சொன்னவை. இராணியின்ரை பாராளுமன்றத்திலை உங்கடை பேரைச் சொல்லி, உங்களை விடுதலை செய்தாச்சாம் எண்டு. எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டினவையாம். ஊர் விதானையார் பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னோடை கதைச்சவர். எங்கடை மூலையை இன்னொரு குடும்பத்துக்குக் குடுத்திட்டு வள்ளத்திலை வெளிக்கிட்டு வந்திட்டம். இனித் திரும்பிப் போகேலாது. நாங்கள் எப்ப அங்கை வாறது?"

கோபாலசிங்கத்தின் சட்டைப் பைக்குள் பதினைந்து நாள் தாள் இருந்தது. அதில் ஆறு நாள் முடிந்திருந்தது. இராயப்பு பக்கத்தில் நின்று, "சொல்லும், உண்மையைச் சொல்லும்" என்று கையால் காட்டினார். அதற்குள் மகள் ரெலிபோனை வாங்கிவிட்டாள்.

"அப்பா, அந்தத் துரைக்கு நன்றி சொல்லி நான் இங்கிலீஷிலை ஒரு காயிதம் எழுதப்போறன். அம்மா எழுதச் சொன்னவ. விலாசம் சொல்லுங்கோ."

 கோபாலசிங்கம் விலாசத்தைச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, அவள் திருப்பிச் சொல்ல, பிழை பார்த்தார்.

சேர் லயனல் அந்த வருஷம் ஆனி மாதம் மறுபடி நீலக் கட்சிக்குத் திரும்பினார். திரும்புவதற்கும் ஒரு காரணம் வேண்டுமல்லவா, எந்தக் கட்சியில் இருந்தாலும் தான் மனிதத்தன்மை மாறாதவன் என்பதற்கு அத்தாட்சியாக, கொழும்பிலிருந்து ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமி எழுதிய கடிதத்தைச் சபையில் முழுவதும் வாசித்தார். நாலு வரிக் கடிதம். பாராளுமன்றப் பதிவேட்டில் இப்போதும் இருக்கிறது. 'அன்புள்ள ஐயா, என் அப்பாவை விடுதலை செய்ததற்கு நன்றி. நாங்கள் கொழும்பில் ஒரு அறையில் இருக்கிறோம். அம்மா தினமும் உங்களுக்காகக் கும்பிடுகிறா. நாங்கள் எப்போது அப்பாவிடம் போகலாம் என்று தயவுசெய்து தேதி சொல்லவும்.'

அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள், சபை எழுந்து நின்று நீண்ட நேரம் கைதட்டியதாகப் பதிந்திருக்கிறார்கள்.